யார் சொன்ன கதவு?

அத்தியாயம் ஒன்பது

கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. கூரைக்கு ஓடு போட்டாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. வீட்டுக்குக் கதவு மட்டும் இல்லை.

அந்தக் கதவில்லாத புது வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, தச்சு வேலை செய்யும் சாமித்தம்பி ஓடாவி நீட்டிய கணக்குத் துண்டை ஆதம்லெவ்வை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த சாறன் நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதில் மொத்தம் முந்நூற்றி எழுபது ரூபாய் என்றுதான் இருந்தது.

மரவேலைக்கென்று பேசி முடித்தது நூற்றி எண்பது. அதையும் சிறுகச் சிறுக முழுவதும் கொடுத்தாயிற்று. “ஓடாவியார் நாளைக்குக் கணக்குச் சொல்ல வருவார், குடுக்கிறதுக்கு இனி என்ன இரிக்கி?” என்று பெண்சாதியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போன ஆதம்லெவ்வையைத்தான் போன கிழமை நாம் விட்டு வந்தோம். மனிதர் அந்த ஒரு இரவாவது நன்றாக உறங்கியிருப்பார் என்று நினைத்து ஆறுதல்படலாம்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதம்லெவ்வை காத்தான்குடியில் நாலு தறி போட்டுச் சாறன் நெய்து விற்கிறவர். நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் முன்னால் நல்ல மனிதராகத் தெரியவேண்டும் என்ற ஆசை கொஞ்சம் கூடுதல். அவருக்கும் கைறுன்னிஸாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் றஸீனாவை, தகப்பனில்லாத பிள்ளையும் புடவைக்கடைக் கணக்குப்பிள்ளையுமான றவூபுக்குப் பேசியிருக்கிறது. இந்த ஊரில் பெண்ணைக் கொடுப்பவர்கள் வீட்டையும் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். மூத்தவளுக்கு இந்தக் கல்வீடு. இளையவள் சபூராவுக்கென்று கைறுன்னிஸா பொத்திப் பொத்தி வைத்திருப்பது, தன் தாயிடமிருந்து தனக்கு வந்த ஆற்றங்கரைத் தென்னை வளவு ஒன்றுதான்.

“ஓடாவியார், இது வேற ஆர்ரயும் கணக்கோ? மாறித் தந்திட்டீங்களா?” என்றார் ஆதம்லெவ்வை.

“இல்லக் காக்கா. உங்கட கணக்குத்தான்.” சாமித்தம்பி தேற்றாத்தீவுக்காரர்; ஆதம்லெவ்வையை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் அழைப்பார். மூன்று மாதமாக இந்த வளவிலேயே கொட்டில் போட்டுத் தங்கி வேலை செய்கிறார். “கதவெல்லாம் செய்து அந்தா கொட்டிலுக்குள்ள சாத்தி வச்சிரிக்கு. மிச்சக் காசத் தந்தீங்களெண்டா நாளைக்கே பூட்டிருவன்.”

“தராட்டி?”

“தராட்டி எப்பிடிக் காக்கா பூட்டுற? மரம் கடனுக்கு எடுத்தது. மரக்காலைக்காரன் ஒவ்வொரு நாளும் ஆள் அனுப்புறான்.”

“நூத்தி எண்பது எண்டு பேசிப்போட்டு முந்நூத்தி எழுபது கேக்கிறது கள்ளக் கணக்கு ஓடாவியார்!”

சாமித்தம்பி பதிலுக்குச் சத்தம் போடவில்லை. கையிலிருந்த சீவுளியைத் துணியில் சுற்றி வைத்தார். “காக்கா, கூட்டிக் கழிச்சதில பிழை இரிந்தா சொல்லுங்க, திருத்துறன். கள்ளன் எண்டு மட்டும் சொல்லாதீங்க,” என்றுவிட்டுக் கொட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதையெல்லாம் பழைய வீட்டில் சமைக்கும் குசினி வாசலில் நின்று கைறுன்னிஸா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கதவில்லாத வீட்டுக்கு மாப்பிள்ளையை எப்படி அழைப்பது? ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது?

ஆதம்லெவ்வை உள்ளே வந்தார். முகம் கறுத்திருந்தது.

“இஞ்ச புள்ள, வேற வழி இல்ல. ஆத்தங்கர வளவ ஈடு வைப்பம்.”

“அது சபூராட வளவு.”

“இன்னும் உன்ட பேர்லதானே இரிக்கி. ரெண்டு வருஷத்துக்குள்ள மீட்டுத் தாறன். புளியந்தீவுக்குப் போய் உறுதி எழுத நொத்தாரிசரக் கூட்டிட்டு அஸர் தொழுகைக்கு முந்தி வந்திருவன். நீ கைநாட்டு வச்சாப் போதும்.”

“இஞ்சேருங்க, கொஞ்சம் யோசிச்சி…”

“யோசிக்கிறதுக்கு நாள் எங்க இரிக்கி?”

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கிவிட்டார். கோபத்தில் போகிற மனிதரை மறிக்கக்கூடாது என்று கைறுன்னிஸா இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் படித்திருந்தாள். மறிக்காமல் விட்டதற்காக இப்போது தன்னையே ஏசிக்கொண்டாள். ஈடு போன வளவு திரும்பி வந்ததை அவள் தன் தெருவில் கண்டதில்லை.

தறிக் கொட்டிலில் தறிச் சத்தம் நின்றிருந்தது. சபூரா ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி தாயைப் பார்த்தாள். பதினெட்டு முடிந்த பெண். கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டிருந்தாள்.

“மகள்…” என்றாள் கைறுன்னிஸா.

“ஒண்டுமில்ல உம்மா. ராத்தாட கலியாணம் முதல்ல நடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் அறுந்த இழையை முடியத் தொடங்கினாள்.

அந்தப் பிள்ளை அழுது பிடிவாதம் பிடித்திருந்தால்கூடக் கைறுன்னிஸாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒரு பிள்ளைக்குக் கதவு பூட்ட இன்னொரு பிள்ளையின் நிலத்தை எடுப்பதா? அவளுக்கு ஆற்றாமையாக வந்தது. ஆற்றாமை கொஞ்ச நேரத்தில் ரோசமாக மாறியது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு, புது வீட்டுக்குப் போனாள்.

“ஓடாவியார், தேத்தண்ணி குடிங்க. குடிச்சிட்டு எழும்பி வாங்க. பேசினதுக்கு மேல என்னென்ன செய்தீங்க, அத ஆர் ஆர் சொன்னாங்க, ஒவ்வொண்டாக் காட்டுங்க.”

சாமித்தம்பி தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தவர் அவர். நேரே குசினிக்குப் போனார்.

“இந்தப் பரண். பேசின கணக்கில இல்ல.”

“இத ஆர் சொன்ன?”

“நீங்கதான் தங்கச்சி. மழைக்கு விறகு நனையும், மேல ஒரு பரண் அடிச்சி உடுங்க எண்டீங்க.”

கைறுன்னிஸா விழித்தாள். “அது சின்னச் சாமான்தானே?”

“சின்னதுதான். மறுகா இந்தச் சுவர் அலுமாரி. மறுகா அந்த நெல்லுப் பெட்டி. மறுகா பின் வாசலுக்கு ரெண்டு படி.”

ஒவ்வொன்றையும் காட்டக் காட்ட ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும் “இதையும் ஒருக்காப் பார்த்து உடுங்க ஓடாவியார்” என்று அவள்தான் சொல்லியிருந்தாள். கேட்ட நாளெல்லாம் மத்தியானச் சோற்றுக்குக் கறியாக ஒரு ஆணம் கூடுதலாக வைத்தும் இருந்தாள். அதோடு கணக்குத் தீர்ந்தது என்பது அவள் எண்ணம்.

“அண்டைக்கு உங்களுக்கு இறால் ஆணம் வச்சனே ஓடாவியார்!”

“வச்சீங்க தங்கச்சி. நல்ல ருசி. நான் இல்லையெண்டு சொல்லல்ல. அதுக்காக மரக்காலைக்காரன் பலகைய சும்மா தருவானா?”

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தை மறைக்க வேகமாக முன்பக்கத்துக்கு நடந்தாள். முன் விறாந்தையில் நாலு தூண்கள் பளபளவென்று நின்றன. கடைசல் பிடித்து, வளையம் வளையமாக இழைத்த தூண்கள்.

“இதையும் நானா சொன்னன்?”

“இல்ல. இது காக்கா சொன்னது. சும்மா தூண் வேணாம், போற வாறவன் நிண்டு பார்க்கணும் எண்டார்.” சாமித்தம்பி கொஞ்சம் தயங்கினார். “ஊட்டில சொல்ல வேணாம் எண்டும் சொன்னார்.”

கைறுன்னிஸாவுக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வீட்டைப் பெருப்பித்திருக்கிறார்கள். பாவம் ஓடாவியைக் கள்ளன் என்று ஏசினோமே என்று இருந்தது.

“இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு?”

“எண்பது.”

“அப்ப கூடக் கேட்ட நூத்தித் தொண்ணூறில மிச்சம் நூத்திப் பத்து?”

சாமித்தம்பி கொட்டிலுக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். உள்ளே விலை கூடிய முதிரை மரத்தில் இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. பூவும் கொடியும் செதுக்கி, பித்தளைக் குமிழ் வைத்த கதவு. அரசாங்கக் கச்சேரிக் கட்டடத்துக்குப் போட்டாலும் குறை சொல்ல முடியாது. கைறுன்னிஸா அதைப் பார்த்தபடி நின்றாள். அழகான சாமான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

“இது மாப்பிள ஊட்டாக்கள் சொன்னது தங்கச்சி. ஊடு பார்க்க வந்த அண்டு.”

அந்த நாளை அவள் மறக்கவில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை மாப்பிள்ளையின் தாயும் பெண்களும் வந்து பார்ப்பது வழக்கம். பார்க்க வந்தவர்களிடம் “உங்கட ஊடுதானே, ஏதாச்சும் குறை இரிந்தாச் சொல்லுங்க” என்று பெண் வீட்டார் கேட்பதும் வழக்கம். ஆதம்லெவ்வை ஒரு தரம் கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். மூன்று தரம் கேட்டார். மாப்பிள்ளையின் தாய் ஆசியா உம்மா, முன் கதவு முதிரையில இரிந்தா வடிவா இரிக்கும் என்று மெல்லச் சொன்னாள். உடனே ஆதம்லெவ்வை திரும்பி, ஊருக்கே கேட்க, “ஓடாவியார்! அவங்க சொன்ன மாதிரிச் செய்ங்க!” என்றார். சொல்லிவிட்டு அதை மறந்தும் போனார்.

“அப்பவே இவ்வளவு ஆகும் எண்டு ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே ஓடாவியார்?”

“சொல்லத்தான் வாய் உன்னினன். மாப்பிள ஊட்டாக்களுக்கு முன்னால காசுக் கதை எடுத்தா காக்காக்குக் குறைச்சலாப் போயிரும். மறுகா சொல்லுவம் எண்டு இரிந்தன். மறுகா நானும் சொல்லல்ல. அது என்ட பிழைதான் தங்கச்சி.”

மரியாதைக்குக் கேட்டவர் ஒருவர். மரியாதைக்குச் சொன்னவர் ஒருவர். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டவர் ஒருவர். இந்த மூன்று மரியாதைக்கும் சேர்த்து விலை கொடுக்கப்போவது தறியில் இருக்கிற சபூரா.

“பூட்டாத கதவு. நீங்க திருப்பி எடுப்பீங்களா?”

சாமித்தம்பி யோசித்தார். “எடுக்கலாம். புளியந்தீவில ஒரு கடை முதலாளி இப்பிடிக் கதவுக்கு ஆள் தேடிட்டு இரிக்கார். ஆனா அவங்க வாயால சொன்ன கதவு. கலியாணத்தண்டு வந்து பார்த்திட்டு, எங்கட சொல்லுக்கு மதிப்பில்லையா எண்டு கேட்டா?”

அதுதான் கேள்வி. கதவுக்காகக் கலியாணங்கள் நின்றதை இந்த ஊர் கண்டிருக்கிறது. கைறுன்னிஸா சாக்கை இழுத்துக் கதவை மூடினாள். பிறகு, “கதவ எங்கயும் குடுத்திராதீங்க, நான் வாறன்,” என்றாள்.

பழைய வீட்டு அறைக்குள் றஸீனா எழுந்து நின்றிருந்தாள். கலியாணப் பெண் வெளியே வரக்கூடாது. ஆனால் ஓலைச் சுவருக்குக் காது உண்டு.

“எங்க உம்மா போறீங்க?”

“மாப்பிள ஊட்டுக்கு.”

“உம்மா! கலியாணத்துக்கு முந்தி நீங்க அங்க போறதா? ஆக்கள் என்ன சொல்லுவாங்க?”

“கதவு போடேலா எண்டு சொல்லிட்டு வரப்போறன்.”

றஸீனாவின் முகம் வெளுத்தது. பிறகு அவள் தறிக் கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “போங்க உம்மா,” என்றாள். “கதவப் பார்த்து வாற மாப்பிள எனக்கு வேணாம்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. றவூபைப் பார்க்காமலே அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது.

காத்தான்குடிப் பெண்கள் பகலில் தெருவில் இறங்குவதில்லை. வளவுக்கும் வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழையும் அளவு கடப்பு ஒன்று இருக்கும். அந்தக் கடப்புகளால் புகுந்து புகுந்து ஒரு பெண் ஊரின் அந்தக் கோடிக்கும் போய் வரலாம். ஒரே ஒரு இடைஞ்சல்தான். ஒவ்வொரு வளவிலும் ஒருத்தி இருப்பாள், “எங்ககா அவசரமாப் போற?” என்று கேட்பாள். ஒரு வளவில் மிளகாய் இரவல் வாங்க என்றாள் கைறுன்னிஸா. இன்னொரு வளவில் தையல்காரியைப் பார்க்க என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஆசியா உம்மாவின் வேலிக்கு வரும்போது வேர்த்துக் களைத்துப் போனாள்.

ஆசியா உம்மா முற்றத்து அடுப்பில் அரிசிமா வறுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த பெண். கடப்பில் சம்பந்தி வந்து நிற்பதைக் கண்டதும் அகப்பையைக் கீழே போட்டாள்.

“யா அல்லாஹ்! என்னகா மச்சி? ஆருக்கும் ஏதாச்சும்?”

“ஒருவருக்கும் ஒண்டுமில்ல மச்சி. ஒரு கதை சொல்லத்தான் வந்தன். சொல்லி முடிச்சதும் நீங்க கோவிச்சாக் கோவிங்க.” கைறுன்னிஸா உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். “நீங்க சொன்ன முதிரைக் கதவு எங்களுக்கு ஏலா. செய்து வச்சிரிக்கி. காசு இல்ல. அதுக்காகச் சின்னவள்ர வளவ ஈடு வைக்க இவர் நொத்தாரிசரக் கூட்டப் போயிட்டார். நான் கதவத் திருப்பிக் குடுக்கப் போறன். வேப்பம் பலகையில ஒரு கதவுதான் உங்கட மகனுக்கு. நீங்க வந்து பார்த்து மனம் நோகுறதுக்கு முந்தி நானே சொல்லிடணும் எண்டு வந்தன்.”

சட்டியில் மா கருகத் தொடங்கியது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கைறுன்னிஸா ஓரடி முன்னால் வந்தாள். “என்ன மச்சி, ஒண்டும் சொல்றீங்க இல்ல?”

“என்னத்தச் சொல்ற?” ஆசியா உம்மா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். “அண்டைக்கு உங்கட ஊட்டுக்காரர் கேட்டார், குறை சொல்லுங்க எண்டு. எனக்கு ஒரு குறையும் தெரியல்ல. கூடாரம் மாதிரி ஓலை ஊட்டில இரிக்கிற எனக்கு அந்த ஊட்டில என்ன குறை தெரியும்? மறுகாவும் கேட்டார். மறுகாவும் கேட்டார். ஒண்டும் சொல்லாட்டி, இவளுக்கு நம்மட ஊடு கணக்கில்லையாக்கும் எண்டு நினைப்பீங்களே எண்டு பயம் வந்திச்சி. வாய்க்கு வந்தது முதிரை. அதச் சொன்னன்.”

“அல்லாவே!”

“கேளுங்க. நான் சொன்ன உடன அவர் சரி எண்டிட்டார். அண்டையில இரிந்து எனக்கு நிம்மதி இல்ல மச்சி. முதிரைக் கதவு போடுற ஊட்டுக்கு பொண்ணுக்குக் கலியாணச் சேலையா நூல் சேலையக் கொண்டு எப்பிடி வாற? அதுக்கு ஏத்த பட்டுச் சேலை ஒண்டுக்குச் சொல்லி வச்சிரிக்கன். இண்டைக்குப் பின்னேரம் என்ட காதுல கிடக்கிறதக் கழட்டிக் குடுத்திட்டுத்தான் அத எடுக்க இரிந்தன்.”

கைறுன்னிஸா அவள் காதைப் பார்த்தாள். தேய்ந்துபோன, புருஷன் இருந்த காலத்துத் தங்கம். அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. ஆனால் வெளியே வந்தது சிரிப்பு. அதைக் கண்டு ஆசியா உம்மாவும் சிரித்துவிட்டாள். அந்தக் கதவு இன்னும் பூட்டப்படவே இல்லை. அதற்குள் இரண்டு வீட்டையும் அது விழுங்கப் பார்த்திருக்கிறது. இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கருகிய மா மணத்துக்கு நடுவில், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“காதுல கிடக்கிறது காதுலயே கிடக்கட்டும் மச்சி. நூல் சேலை போதும். என்ட புள்ளைக்கு அது வடிவு.”

“அப்ப வாங்க போவம்.” ஆசியா உம்மா அடுப்பை அணைத்தாள். “நான் சொன்ன கதவ நான் வந்து வேணாமெண்டு சொன்னாத்தான் ஓடாவியாருக்கும் தைரியம் வரும்.”

திரும்பிப் போகும்போது எந்த வளவிலும் கைறுன்னிஸா பொய் சொல்லவில்லை. பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் கைகோத்துக்கொண்டு கடப்புகளில் நுழைந்து போவதை ஊர்ப் பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

கொட்டிலில் பேச்சு அதிகம் நீளவில்லை. ஆசியா உம்மா கதவை ஒருமுறை தடவிப் பார்த்தாள். “நல்ல வேலை ஓடாவியார். கண்ணுபடும். வேற ஊட்டுக்குக் குடுங்க,” என்றாள்.

சாமித்தம்பி தலையாட்டினார். “மரத்துக்கு எனக்கு ஒண்டும் வேணாம். புளியந்தீவு முதலாளி தருவார். வேப்பம் பலகைக் கதவு பேசின கணக்குக்குள்ள வரும். நாளண்டைக்குப் பூட்டித் தாறன்.”

“கதவு செய்த கூலி?” என்றாள் கைறுன்னிஸா.

“அதையும் முதலாளிட்ட வாங்குவன்.”

“வாங்கேலாட்டி எங்களிட்ட வாங்கணும். உங்கட கைக்கூலிய நான் பிடிக்க மாட்டன். மற்ற எண்பதும் நாங்க சொன்ன வேலைக்கு. அது தருவம். முப்பது இண்டைக்கு, மிச்சம் பெருநாளைக்குச் சாறன் வித்த உடன. சரியா?”

“சரி தங்கச்சி.” சாமித்தம்பி முதல் முறையாகச் சிரித்தார். “ஆனா இனிமே இறால் ஆணத்தோட ஒண்டும் கேக்கப்படாது.”

அஸர் தொழுகைக்கு முன்பாகவே வாசலில் மாட்டுக் கரத்தை வந்து நின்றது. நொத்தாரிசர் நல்லரத்தினம் குடையோடும் தோல் பையோடும் இறங்கினார். பின்னால் இறங்கிய ஆதம்லெவ்வை, தன் வீட்டு விறாந்தையில் சம்பந்தி அம்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கலியாணம் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டினார்.

“என்ன புள்ள நடந்திச்சி?” குரல் எழும்பவில்லை.

கைறுன்னிஸா நடந்ததைச் சொன்னாள். முதிரைக் கதவு புளியந்தீவுக்குப் போகிறது, பட்டுச் சேலை கடையிலேயே இருக்கிறது, கலியாணம் அடுத்த கிழமை நடக்கிறது. ஆதம்லெவ்வை விறாந்தைப் படியில் உட்கார்ந்தார். மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

“என்னக் கேக்காம மாப்பிள ஊட்டுக்குப் போனியா?”

“நீங்க என்னக் கேக்காமத் தூண் போட்டீங்களே?”

அவர் தன் கடைசல் தூண்களைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். ஆசியா உம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஆதம்லெவ்வை எழுந்து கொட்டிலுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை; ஆனால் அவர் சாமித்தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

நொத்தாரிசர் தொண்டையைச் செருமினார். “அப்ப ஈட்டு உறுதி எழுத வேண்டியதில்லை. ஆனால் கல்லடிப் பாலம் கடந்து வந்த கூலி…”

“வந்த நீங்க சும்மா போக வேணாம் ஐயா,” என்றாள் கைறுன்னிஸா. அவள் இதைக் காலையில் யோசிக்கவில்லை. வேலிக் கடப்புகளில் திரும்பி வரும்போதுகூட யோசிக்கவில்லை. அந்தத் தோல் பையைக் கண்டதும்தான் தோன்றியது. இன்றைக்குத் தப்பிய வளவு இன்னொரு அவசரத்துக்குத் தப்பாது. “எழுதுங்க. ஈடு இல்ல. என்ட பேர்ல இரிக்கிற ஆத்தங்கர வளவ என்ட இளைய மகள் சபூராட பேருக்கு நன்கொடையா எழுதுங்க.”

“கலியாணம் பேசுற நேரம்தானே புள்ள எழுதுற வழக்கம்?” என்றார் திரும்பி வந்த ஆதம்லெவ்வை.

“அதுவரைக்கும் வளவு தப்புமெண்டு எனக்கு என்னிலயும் நம்பிக்கையில்ல, உங்களிலயும் நம்பிக்கையில்ல.”

அவர் மனைவியைப் பார்த்தார். காலையில் தான் செய்யப்போன காரியம் அவருக்கு இப்போதுதான் முழுதாக உறைத்தது. “எழுதுங்க ஐயா,” என்றார் தழுதழுத்து. “அவள்ர வளவு அவள்ட்டயே இரிக்கட்டும்.”

நொத்தாரிசர் எழுதி முடித்தார். எல்லைகளை வாசித்தார்: கிழக்கே பாதை, மேற்கே ஆறு. கைறுன்னிஸா மையில் விரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்தாள். அந்த விரலைப் பிறகு துடைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

“நன்கொடையை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்,” என்றார் நொத்தாரிசர். உள்ளே தொங்கிய திரையைப் பார்த்துக் கேட்டார். “பிள்ளை, உம்முடைய தாயார் தருகிற இந்த வளவை ஏற்றுக்கொள்கிறீரா?”

திரை லேசாக அசைந்தது. வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“ஓம் ஐயா, ஏத்துக்கொள்றன்.” சபூராவின் குரல் தெளிவாக வந்தது. “ஆனா அந்த வளவுக்கு வாற மாப்பிள ஆரெண்டு நான்தான் சொல்லுவன்.”

ஆதம்லெவ்வை பெண்சாதியைப் பார்த்தார். கைறுன்னிஸா ஆசியா உம்மாவைப் பார்த்தாள். இளையவள் வாய் திறவாத பிள்ளை என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் இதுவரை நம்பியிருந்தார்கள்.

நொத்தாரிசருக்கு இது புது அனுபவம். பேனாவைக் கையில் பிடித்தபடி, “அதையும் உறுதியில் எழுத வேண்டுமா பிள்ளை?” என்று கேட்டார்.

“வேணாம் ஐயா,” என்றாள் சபூரா. “உம்மாக்கும் வாப்பாக்கும் கேட்டாப் போதும்.”